கார்டெல்லி கட்டடத்தின் பால்கனி

ஃபுவாத் தெருவுக்கு அரசாங்கம் எத்தனையோ முறை பெயர் மாற்றிவிட்டது. அலெக்ஸாந்திரியாவின் டாக்சிக்காரர்கள் வாயில் அது இன்னும் ஃபுவாத்தான். சாக்கடைக்குப் பள்ளம் தோண்டினால் கிரேக்கர் காலத்துப் பளிங்கு கிடைக்கும். தரைக்கு மேலே தெரிவதெல்லாம் பருத்தி வியாபாரிகள் இத்தாலியக் கொத்தனார்களை வைத்துக் கட்டியவை. வியாபாரிகள் போய்விட்டார்கள், கட்டடங்களும் பழைய வாடகைக்காரர்களும் மிச்சம்.

இந்தத் தெருவில் இஸ்திரிக் கடை வைத்திருப்பவள் இன்ஷிராஹ். மகள் பெயரை வைத்து எல்லாருக்கும் ரிஹாபம்மா. கணவன் இறந்த பத்தாம் நாள் அவனுடைய கடையைத் திறந்து, அவனுடைய இஸ்திரிப் பெட்டியையே கையில் எடுத்தவள். மேசை தெருவைப் பார்த்திருக்கும். பத்தொன்பது வருடமாக, நிமிரும் போதெல்லாம் அவள் கண்ணில் படுவது எதிரே நிற்கும் கார்டெல்லி கட்டடம். ஐந்து மாடி. இரண்டாம் மாடியின் நீண்ட பால்கனியை இரண்டு கல் பெண்கள் தலையில் தாங்கி நிற்பார்கள். அவர்களுக்குக் கீழே டீக்கடை நாற்காலிகள், பக்கத்தில் பஸ் நிறுத்தம். அவளுக்கு அடுத்த கடை என்னுடைய மூக்குக்கண்ணாடிக் கடை.

நவம்பரில் வரும் புயலுக்கு எங்கள் ஊரில் துடைப்பம் என்று பெயர். அந்த வருடம் அது இரண்டு நாள் கூட்டிப் பெருக்கியது. மூன்றாம் நாள் காலை ரிஹாபம்மா என்னைக் கூப்பிட்டாள்.

"உஸ்தாத் ஸுப்ஹி, கொஞ்சம் வாங்க. அந்த வலதுபக்கத்துப் பொம்பள தலையப் பாருங்க."

"மழையில காரை உதிர்ந்திருக்கும்."

"உதிர்ந்தா வெள்ளையா இருக்கும். இது கறுப்புக் கோடு. நேத்துவரைக்கும் அவ தலை பால்கனிய முட்டிக்கிட்டு இருந்துச்சு. இப்ப நடுவுல புறா அலகு நுழையுது."

என் கடையிலிருந்த பைனாகுலரை எடுத்துப் பார்த்தேன். கல் பெண் முன்பக்கம் சாய்ந்திருந்தாள். பால்கனியின் அடியில் விரிசல் ஓடியது. அதிலிருந்து துருத் தண்ணீர் சொட்டியது. கடல் காற்றில் உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடித்து ஊதினால் கல் பிளக்கும். ஆனாலும் வாயைத் திறக்கத் தயங்கினேன். போன வருடம்தான் கட்டடத்தின் சொந்தக்காரர், பழைய வாடகைக்காரர்களைக் கிளப்புவதற்காக, ஒரு இஞ்சினியரைப் பிடித்து, மொத்தக் கட்டடமும் இடிக்க வேண்டியது என்று எழுதி வாங்கியிருந்தார். அதிலிருந்து, 'விரிசல்' என்று சொன்னவன் எவனும் வாடகைக்காரர்கள் கண்ணுக்கு அவருடைய ஆள்தான்.

ரிஹாபம்மா தயங்கவில்லை, என்னையும் இழுத்துக்கொண்டு மாடி ஏறினாள். பால்கனி வீட்டுக்காரர் எட்மோன் ஹபீப், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இடிப்பதை எதிர்த்து வாடகைக்காரர்கள் போட்ட வழக்கை நடத்துகிறவர். காப்பிக் கோப்பையோடு கதவைத் திறந்தவர், விரிசலைப் பற்றி அவளைச் சொல்லி முடிக்க விடவில்லை.

"உன்னையுமா விலைக்கு வாங்கிட்டான் அவன்?" என்றார்.

"என்னை எப்படி வேணா திட்டிக்கோங்க. பால்கனிக்கு மட்டும் போகாதீங்க."

"எங்க அப்பா காலத்துலேருந்து நிக்குது. துணி தேய்க்கிறவ சொல்லி விழப்போகுதா?"

கதவு சாத்தப்பட்டது. கீழே டீக்கடை கரீப் சிரித்தான். "ரிஹாபம்மா, சட்டைக் காலரப் பாரு. கட்டடத்த இஞ்சினியருக்கு விடு." அவசர எண்ணுக்கு மூன்று முறை போன் செய்தாள். ஆள் வருவார்கள் என்றார்கள். யாரும் வரவில்லை. மணி ஒன்று. அரைமணி நேரத்தில் பள்ளிக்கூடம் விடும். பிள்ளைகள் பஸ்ஸுக்கு அந்தப் பால்கனி நிழலில்தான் நிற்பார்கள்.

திடீரென்று அவள் இஸ்திரி மேசையைத் தெருவுக்குக் குறுக்கே பால்கனிவரை இழுத்தாள். கார்கள் அலறின. துணி ஸ்டாண்டு, பெஞ்சு, ஈரத் துணிக் கூடை எல்லாவற்றையும் பால்கனிக்கு இருபுறமும் நடைபாதையில் அடுக்கிக் கொடிக்கயிற்றால் கட்டினாள். "எந்திரிங்க! எல்லாரும் எந்திரிங்க!" என்று நாற்காலிகளைப் பிடித்து இழுத்தாள். கரீப் அவள் கையைத் தட்டிவிட்டான். நான் வெட்கத்தை விட்டு என் கடை பெஞ்சைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கான்ஸ்டபிள் வந்தான். "யாரும்மா உனக்கு ரோட்ட அடைக்க உரிமை குடுத்தது?"

"என்னைப் பிடிச்சிட்டுப் போங்க. ஆனா எதிர்ப்பக்கமா நடந்து போவோம், இந்தப் பால்கனிக்குக் கீழ நிக்க வேணாம்."

நான் பைனாகுலரை அவன் கையில் திணித்தேன். பார்த்தான். விசிலை வாயில் வைத்து ஊதினான். டீ குடித்தவர்கள் முனகிக்கொண்டே எழுந்தார்கள். தெருமுனையில் பள்ளிச் சீருடைகள் தெரிந்தன.

அந்த நேரம் பார்த்து எட்மோன் பால்கனிக்கு வந்துவிட்டார். "நாடகமா போடுற?" என்று கம்பியைப் பிடித்துக் குனிந்து கத்தினார்.

"உள்ள போங்கய்யா!" ரிஹாபம்மாவின் குரல் கிழிந்தது. "உங்க காலப் பிடிக்கிறேன், உள்ள போங்க!"

உள்ளங்கை அகலக் காரைத் துண்டு ஒன்று நாற்காலி மேல் விழுந்து தெறித்தது. எட்மோன் காலடியைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் வைத்தார், இன்னொன்று. மரக்கதவின் நிலையை அவர் கை பற்றியபோது, கல் பெண் மெதுவாக, யாரையோ வணங்குவதுபோல் குனிந்தாள். பிறகு சத்தம் மட்டும்தான். தூசு அடங்கியபோது ஒன்பது நாற்காலிகளும் இஸ்திரி மேசையும் கல்லுக்கடியில் கிடந்தன. மனிதர் யாருமில்லை. கரீப் நடைபாதையில் உட்கார்ந்து வாந்தியெடுத்தான்.

அன்று மாலையே நகராட்சிக்காரர்கள் கட்டடத்தின் பதினொரு குடும்பங்களையும் வெளியேற்றினார்கள். மெத்தைகளோடு தெருவில் நின்றவர்களில் ஒருத்தி ரிஹாபம்மாவைப் பார்த்துத் துப்பினாள். "இப்ப நிம்மதியா உனக்கு?"

அடுத்த வாரம் சொந்தக்காரரின் வக்கீல் இனிப்புப் பெட்டியோடு வந்தார். சுவரும் சாய்ந்ததைப் பார்த்தேன் என்று கோர்ட்டில் அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மொத்தத்தையும் இடித்துவிடலாம். புதுக் கட்டடத்தில் அவளுக்குக் கடை. மேசைகூட இல்லாமல் தரையில் போர்வை விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தவள், இனிப்புப் பெட்டியை அவர் கையிலேயே திருப்பி வைத்தாள். சாட்சி சொல்லும் நாள்வரை அவள் சரியாகத் தூங்கவில்லை என்று மகள் ரிஹாப் சொன்னாள்.

கோர்ட்டில் நீதிபதி கேட்டார்: "நீங்க கட்டடம் படிச்சவங்களா?"

"இல்லீங்க. தினம் பாக்குறவ. பால்கனி சாஞ்சுச்சு. சுவர் சாயல."

கோர்ட் தன் பங்குக்கு இஞ்சினியர்களை அனுப்பியது. சுவர்கள் திடமாக இருக்கின்றன, இரும்பை மாற்றினால் போதும் என்று எழுதினார்கள். சொந்தக்காரரே செப்பனிட வேண்டும் என்று தீர்ப்பானது. பதினைந்து மாதம் பிடித்தது. ஒன்பது குடும்பங்கள் திரும்பின. இரண்டு குடும்பம் எங்கே போனதென்று தெரியாது. துப்பியவள் திரும்பவில்லை. அதைத்தான் ரிஹாபம்மா அடிக்கடி சொல்லி வருந்துவாள்.

எட்மோன் திரும்பி வந்த முதல் நாள் தெருவைக் கடந்து அவள் முன் நின்றார். "மூலைக் கட்டடத்துக்காரங்க அவங்க பால்கனிய நீ ஒரு தடவ பாக்கணும்னு கேக்குறாங்க. என்னைத் தூது அனுப்பியிருக்காங்க" என்றார்.

"நான் என்ன இஞ்சினியரா?" என்று சிரித்தாள். ஆனாலும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, கடையை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவரோடு நடந்தாள்.