மேல்கைக்கு விழுந்த சீட்டு

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் போய்ப் பெரியாயி என்று கேட்டால், "எந்தப் பெரியாயி, கை சுருங்குனவளா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கொழுந்து பறிப்பதில் அவளை முந்த அந்த மலையில் ஆள் கிடையாது என்று பேர் வாங்கியவள். ஊர் வாய் இருக்கிறதே, அதையெல்லாம் எப்போதோ மறந்துவிட்டது.

கரண்ட் போன ஒரு சாயங்காலம், லயத்து வரிசையில் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில் மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கு சரிந்து அவளுடைய நைலான் சட்டையில் தீப்பிடித்துக்கொண்டது. புருஷன் மாடசாமி ஈரச் சாக்கைப் போட்டு அணைப்பதற்குள் வலது புறங்கையும், தோளுக்குக் கீழே மேல்கையும் வெந்துபோயின. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஓர் ஆராய்ச்சிக் குழுவோடு வேலை செய்துகொண்டிருந்தவர் டாக்டர் மதுரன். யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமையாகப் பேசுகிற மனுஷன்.

"வயித்துக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு ஆரம்ப மாசங்களில தோலில காயம் பட்டால், தழும்பே இல்லாமல் ஆறிடும் அம்மா. பிறந்த பிறகு அந்தக் குணம் போயிடும். அதைப் பார்த்துத்தான் ஒரு புதுத் தோலைச் செய்திருக்கினம்" என்றார்.

பெரியாயிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ, புள்ளத் தோலாங்க?"

"இல்லை அம்மா, ஆய்வுகூடத்தில செய்த தோல். இப்பதான் சோதிச்சுப் பார்க்கிறம். ஒரு காயத்துக்கு இது, மற்றதுக்கு வழமை போல உங்கட தொடையில எடுக்கிற தோல். எதுக்கு எது எண்டு நான் முடிவு செய்யேலாது. மூடின உறைக்குள்ள இருக்கிற சீட்டுத்தான் சொல்லும்."

சீட்டு என்றதும் பெரியாயிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதாக நினைத்துக்கொண்டாள், பாவம். தோட்டத்து மாரியம்மன் கோவிலில் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனியே பொட்டலம் கட்டி ஆத்தாவின் காலடியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்ப்பார்கள். எந்தப் பூ வருகிறதோ அதுதான் ஆத்தாவின் வாக்கு, மறுபேச்சுக் கிடையாது. டாக்டர்மாரும் பூக்கட்டித்தான் பார்க்கிறார்கள் என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டாள். இது கொழுந்து பறிக்கிற கை என்று ஆத்தாவுக்குத் தெரியாதா என்ன!

உறையைப் பிரித்தார்கள். புதுத் தோல் மேல்கைக்கு விழுந்தது.

மேல்கை ஆறின அழகைச் சொல்லி மாளாது. வெந்த இடம் எதுவென்று தேடிப் பார்க்க வேண்டும். ஆனால் அதை யார் பார்க்கப்போகிறார்கள்? சட்டைக்கை மூடிக்கொள்ளும். தொடைத் தோல் வைத்த புறங்கையோ தடித்து இறுகி, விரல்களைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவே இல்லை. பிறகு எந்தக் கொழுந்தைக் கிள்ளுவது? எடை குறைந்தால் தோட்டத்தில் அரைப்பேர்தான். பாதி நாள் வேலை என்றுதான் எழுதுவார்கள். அந்த அரைப்பேரும் போய், கடைசியில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கங்காணி அவளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்.

வேலை போனதைவிட வேறொன்று அவளை அரித்தது. ஆத்தா ஏன் கையைக் கொடுக்கவில்லை? யோசித்து யோசித்து ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்தாள். பிள்ளை வேண்டித் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டு, மகள் துஷாந்தினி பிறந்த பிறகு எடுக்காமலே விட்டிருந்தாள். அதுதான், வேறென்ன!

"ஒனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? வெந்த கையில மறுபடி நெருப்பா?" என்று மாடசாமி கத்தினான். கேட்டால்தானே! திருவிழாவில் இரண்டு உள்ளங்கையிலும் வேப்பிலையை விரித்து, அழுதுகொண்டே சட்டியை ஏந்திக் கோவிலைச் சுற்றி வந்தாள். இறுகிக் கிடந்த புறங்கை வெடித்து ரத்தம் வடிந்தது. ஆத்தா மனம் இரங்கிவிட்டாள், அடுத்த சீட்டு கைக்குத்தான் என்று நம்பினாள்.

அந்த நம்பிக்கையோடுதான் கிளினிக்குக்குப் போனாள். மதுரன் மேல்கையைத் தடவிப் பார்த்துப் படம் எடுத்தார், முகமெல்லாம் சந்தோஷம். புறங்கையைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

"டாக்டரய்யா, இன்னொரு தடவ சீட்டு எடுங்க. இப்ப கைக்குத்தான் வுழும். நேர்த்திய முடிச்சிட்டேங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பூக்கட்டுவதையும் தீச்சட்டியையும் அவள் விவரமாகச் சொன்ன பிறகு, கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அம்மா, அந்தச் சோதனை முடிஞ்சுது. அந்தத் தோல் இனி எப்ப வரும் எண்டு தெரியாது. இறுகினதை வெட்டித் தளர்த்தி, திரும்பவும் தொடைத் தோல் வைக்கலாம். அதுவும் இறுகாது எண்டு என்னால சொல்லேலாது. ஆனால் சாமி உங்களைத் தண்டிக்கேல்லை. அந்தச் சீட்டைப் போட்டது கம்ப்யூட்டர். ஒருத்தரின்ர விருப்பமும் அதுக்குள்ள வரக்கூடாது எண்டுதான் அப்பிடிச் செய்யிறது. உங்களில ஒரு பிழையும் இல்லை."

ஆறுதலாகத்தான் சொன்னார். பெரியாயிக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"ஆத்தாளுக்குக் கோவம்னா கால்ல வுழுந்து கேக்கலாம்னு இருந்தேங்க" என்றாள். "இனி நான் யாருகிட்டங்க போய்க் கேப்பேன்?"