பல்லக்காவும் மூன்றாவது மசோதாவும்

அந்தத் தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். பல்செட் செய்கிற அக்கா என்று நீட்டி முழக்கச் சோம்பல்பட்டு யாரோ சுருக்கியது, அப்படியே ஒட்டிக்கொண்டது. பஸ் ஓட்டுகிற அவள் கணவர்கூட வெளியாட்களிடம் “எங்க வீட்டுப் பல்லக்கா” என்றுதான் சொல்வார்.

பல் மருத்துவமனைக்கு மேலே மாடியில் அவள் வேலை செய்யும் அறை. கீழே மருத்துவர் நோயாளிகளின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். இவள் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, வெள்ளைத் தாடையாக எடுத்து, மெழுகில் பல் பல்லாக நட்டு, வேகவைத்து, ராவி, பாலிஷ் போட்டுக் கீழே அனுப்புவாள். அலமாரி நிறைய ஊராரின் தாடைகள். அவற்றுக்கு உரியவர்களை அவள் பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

அவளுடைய அம்மா ஒரு வக்கீலிடம் தட்டச்சு வேலை பார்த்தவர். வக்கீலுக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. இருவரும் சேர்ந்து வாழ்ந்தார்கள், இவள் பிறந்தாள். அதற்கப்புறம் வக்கீலுடைய வீட்டில் வேறு இடத்தில் பெண் பார்த்து, பதிவும் செய்து, முறையாகக் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். அவரும் மறுக்கவில்லை; இந்த வீட்டுக்கு வந்துபோவதை நிறுத்தவும் இல்லை. அந்த வீட்டில் ஒரு பையன் பிறந்தான். பதிவு செய்யாத உறவில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் பெயரும் கிடையாது, சொத்தில் பங்கும் கிடையாது என்று அந்த நாட்டுச் சட்டம் சொன்னது. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தகப்பன் பெயருக்கான இடத்தில் ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோட்டோடுதான் அவள் படித்தாள், வேலைக்கு வந்தாள், கல்யாணமும் செய்துகொண்டாள்.

அப்பா செத்த அன்று அந்த வீட்டு வாசலில், கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றாள். சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பையன் அவளைக் கண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

“உள்ள வந்து பாத்துட்டுப் போங்க.”

போனாள், பார்த்தாள், திரும்பிவிட்டாள். பிறகு அவள் அம்மா இறந்தபோது அவன் வந்தான். உட்காரச் சொன்னார்கள். நின்றபடியே இருந்துவிட்டுப் போனான். அவர்களுக்குள் இருந்த போக்குவரத்து அவ்வளவுதான். சண்டையும் இல்லை, உறவும் இல்லை. அவன் வக்கீலாகி, தேர்தலில் நின்று ஜெயித்து, நீதி அமைச்சர் ஆனதெல்லாம் ஊரைப் போலவே அவளுக்கும் செய்தியாகத்தான் வந்து சேர்ந்தது.

அமைச்சர் ஒரே கூட்டத்தொடரில் மூன்று சட்டத்திருத்த மசோதாக்களைக் கொண்டுவந்தார். ஜாமீன் பற்றிய முதல் மசோதாவும், சிறு வழக்குகளைச் சீக்கிரம் முடிப்பது பற்றிய இரண்டாவதும் பெரிய சத்தமில்லாமல் நிறைவேறின. மூன்றாவதில்தான் முட்டிக்கொண்டது. எந்த உறவில் பிறந்தாலும் பிள்ளை பிள்ளைதான், பெயரும் பங்கும் எல்லோருக்கும் ஒன்று என்றது அது. தகப்பன் ஏற்கெனவே இறந்துபோயிருந்தாலும் பிள்ளை உரிமை கோரலாம் என்று ஒரு பிரிவும் அதில் இருந்தது.

விவாதத்தின் முதல் நாள், எதிர்க்கட்சியின் மூத்த பேச்சாளர் எழுந்தார்.

“அமைச்சருக்கு இந்த மசோதாமேல இவ்வளவு அக்கறை ஏன்னு சபைக்குத் தெரியணும். அவங்க அப்பாவுக்கு ரெண்டு வீடு. இது நாட்டுக்குப் போடுற சட்டமா, இல்ல குடும்பத்துக்குப் போடுற சட்டமா?”

சபையில் சிரிப்பு எழுந்தது. மாடி அறையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. பல்லக்கா பாலிஷ் சக்கரத்தில் ஒரு மேல்செட்டைப் பிடித்திருந்தாள். நடுவில் கையை எடுத்தால் கோடு விழும். முழுதாக முடித்த பிறகுதான் சக்கரத்தை நிறுத்தினாள், அதற்கப்புறம் ரேடியோவை.

சாயங்காலம் கணவர் வந்து சட்டையைக் கழற்றியபடியே சொன்னார்: “பஸ்ல எனக்குப் பின்னாடியே ரெண்டு பேரு உன்னப் பத்திதான் பேசிட்டு வந்தாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் என்னத்தச் சொல்ல? ரோட்டப் பாத்தேன்.”

மறுநாள் நிருபர்கள் மருத்துவமனைக்கு வந்துவிட்டார்கள். மருத்துவர் அவர்களை மாடி ஏற விடவில்லை. ரொம்பவும் அடம்பிடித்த ஒருவரை நாற்காலியில் சாய்த்து, “எதுக்கும் வாயத் திறங்க, பாத்துடுவோம்” என்று கருவியை எடுத்தார். அதற்குப் பிறகு கூட்டம் கலைந்தது.

சபைக்கு விடுமுறையான ஒரு காலையில் அமைச்சரே வந்தார். காரை மூலையில் விட்டுவிட்டுத் தனியாக மாடி ஏறினார். பல்லக்கா முக்காலியை நகர்த்திப் போட்டாள். தாடைகளுக்கு நடுவே அதில் உட்கார்ந்தார்.

“ஓட்டு இழுபறியா இருக்கு” என்றார். “எங்ககூட இருக்கிற சின்னக் கட்சி அந்த ஒரு பிரிவுக்குப் பயப்படுது. செத்துப்போனவங்க சொத்தக் கிளறினா வீட்டுக்கு வீடு தகராறு வரும்கறாங்க. அத எடுத்துட்டா மசோதா தேறிடும். எடுக்கலன்னா மொத்தமும் விழுந்துடும்.”

“எடுத்துட்டா யாருக்குக் கிடைக்கும்?”

“இனிமே பொறக்கிற பிள்ளைங்களுக்கு. அப்பா உயிரோட இருக்கிற எல்லாருக்கும்.”

“எனக்குக் கிடைக்காது.”

“உங்களுக்குக் கிடைக்காது.”

அவள் மெழுகைச் சீவிக்கொண்டே இருந்தாள். “இதச் சொல்லத்தான் வந்தீங்களா?”

“கேக்க வந்தேன். உங்களுக்குச் சம்மதமான்னு.”

“சம்மதம்னா?”

“எடுத்துடுவேன்.”

“இல்லன்னா?”

“அப்பவும் எடுத்துடுவேன்னுதான் நெனைக்கிறேன்” என்றார்.

பல்லக்கா கத்தியைக் கீழே வைத்தாள். “அப்புறம் எதுக்கு என்னக் கேக்கறீங்க? நான் சரின்னு தலையாட்டினா உங்களுக்கு நிம்மதியாத் தூக்கம் வரும். அதுக்கு நான் ஆளில்ல. எடுக்கறதுன்னா நீங்களே எடுத்துக்குங்க. நான் விட்டுக்கொடுத்தேன்னு மட்டும் எங்கயும் சொல்லாதீங்க.”

“சொல்லமாட்டேன்.”

அவர் எழுந்துவிடுவார் என்று அவள் நினைத்தாள். எழவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு, “அப்பா உங்க வீட்ல என்ன பேசுவாரு?” என்று கேட்டார்.

“ஒண்ணும் பேசமாட்டாரு. வந்து தூங்குவாரு. குறட்டை வெளிக்கதவு வரைக்கும் கேக்கும். அம்மா என்னச் சத்தம் போடாம விளையாடச் சொல்லுவாங்க.”

“எங்க வீட்ல தூங்கவே மாட்டாரு” என்றார் அமைச்சர். “ராத்திரியெல்லாம் கூடத்துல நடந்துட்டே இருப்பாரு.”

அப்பாவின் பேச்சும் சிரிப்பும் அந்த வீட்டுக்குத்தான் என்று அவள் இத்தனை காலம் எண்ணியிருந்தாள். அந்த வீட்டில் இருந்தவர்களும் இந்த வீட்டைப் பற்றி அப்படித்தான் எண்ணியிருக்க வேண்டும்.

வாக்கெடுப்பு நாளன்று கணவர் விடுப்பு போட்டார். பையையும் போனையும் வாசலில் கொடுத்துவிட்டு இருவரும் பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்தார்கள். மேலிருந்து பார்த்தால் சபை முழுக்க வழுக்கையும் வகிடுமாகத் தெரிந்தது. மூத்த பேச்சாளர் வாயைத் திறந்ததுமே மேல்செட் தளர்ந்திருப்பது பல்லக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ‘ச’ வரும் இடமெல்லாம் விசிலடித்தது.

அமைச்சர் எழுந்து, அந்தப் பிரிவை நீக்கும் திருத்தத்தை முன்மொழிந்தார்.

மூத்த பேச்சாளர் விடவில்லை. “அப்போ குடும்பத்துல சம்மதம் வாங்கியாச்சா?”

சிரிப்பு அடங்கட்டும் என்று அமைச்சர் காத்திருந்தார். பிறகு பேசினார்.

“கேட்டேன். கிடைக்கவில்லை. என் அக்காவிடம் போய்ச் சம்மதம் கேட்டேன், அவர் தர மறுத்துவிட்டார். மறுத்தது சரிதான். அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் இந்தச் சட்டத்தால் ஒன்றும் கிடைக்கப் போவதில்லை. அது நியாயமில்லை என்று தெரிந்தேதான் இந்தத் திருத்தத்தைக் கொண்டுவருகிறேன். வாக்கு போதவில்லை என்பதைத் தவிர என்னிடம் வேறு காரணம் கிடையாது.”

மூத்த பேச்சாளர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, வேறு ஏதோ பிரிவில் விளக்கம் கேட்டார். மசோதா நிறைவேறியது.

படியிறங்கும்போது கணவர் சொன்னார்: “சபையில வெச்சு அக்கான்னு சொல்லிட்டாரே.”

“சொன்னாரு. சொல்லிட்டு ஓட்டும் போட்டாரு.”

அவளுக்குக் கோபம் வந்தது வீட்டுக்குப் போன பிறகுதான். அவர் பொய் சொல்லியிருந்தால் காறித் துப்பிவிட்டு மறந்திருக்கலாம். உண்மையைச் சொல்லிவிட்டுப் பிடுங்கிக்கொண்டவரை என்ன செய்வது என்று விளங்கவில்லை. நெடுநாள் அவருடைய போனை எடுக்காமலே இருந்தாள். இதற்கிடையில் தெருவில் சலவைக்கடைக்காரியின் மகளுக்குப் பள்ளிச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஏறியது. அந்தப் பெண் இனிப்போடு வந்தாள். பல்லக்கா ஒன்றை எடுத்துக்கொண்டு, நன்றாக இருக்கிறது என்றாள். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த தேர்தலில் அந்தக் கட்சி தோற்றது. அமைச்சர் பழையபடி கோர்ட்டுக்குப் போக ஆரம்பித்தார். ஒருநாள் மறுபடியும் மாடி ஏறினார். இந்தத் தடவை அவள் முக்காலி போடவில்லை; அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“விட்டுப்போனவங்களுக்காக ஒரு வழக்கு போடலாம்னு இருக்கேன். சட்டத்துல பாரபட்சம் இருக்குன்னு.”

“நீங்க எடுத்த பிரிவுக்கு நீங்களே கேஸா?”

“ஆமா. கோர்ட்ல சிரிப்பாங்க. பரவாயில்ல. ஆனா வழக்கு போட ஒரு ஆள் வேணும். நீங்க வரணும்.”

“நான் மாட்டேன்னா?”

“வழக்கு கிடையாது. வேற யார்கிட்டயும் போகமாட்டேன்.”

அவள் கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டாள். “இதுதான் கேள்வி. அன்னைக்கு நீங்க கேட்டது கேள்வியே இல்ல.” பிறகு எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டாள்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. நீதிபதிகள் மாறினார்கள், வாய்தா வாய்தாவாக விழுந்தது. கடைசியில் தீர்ப்பு பாதிதான் வந்தது: பெயருக்கு உரிமை உண்டு, சொத்துக்குக் கிடையாது. தம்பி மேல்முறையீடு என்று ஆரம்பித்தார். அவள் போதும் என்றுவிட்டாள். அவள் தலை அதற்குள் நரைத்திருந்தது.

பதிவு அலுவலகத்தில் நீண்ட வரிசை. அவளைவிட மூத்த ஒரு கிழவரும் அதில் நின்றார். அவள் முறை வந்ததும் எழுத்தர் நிமிராமல் கேட்டார்.

“அப்பா பேரு?”

சொன்னாள். எழுத்தர் பாதி எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினார்.

“நடுவுல ஒற்று வருமாம்மா, வராதா?”

அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பெயரை அவள் எங்குமே எழுதிப் பார்த்ததில்லை. பின்னால் நின்றவர்களிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, ஓரமாகப் போய்த் தம்பிக்குப் போன் போட்டாள்.