குளத்துப் பக்கத்து வேலி

மார்ச் மழை விழுந்ததும் நாலாம் வகுப்பைத் தேரைகளிடம் கூட்டிப்போவது கெசீனா டீச்சரின் வழக்கம். ஹோல்ஸ்டைனில் அந்தச் சிற்றூருக்குக் காட்டை ஒட்டித்தான் சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் குளம். முட்டையிடக் குளத்துக்குப் போகும் தேரைகளைக் கார்கள் நசுக்கிவிடும். அதனால் சாலையோரம் முழங்கால் உயரத்தில் துணிவேலி கட்டி, அதன் அடியில் வாளிகளைப் புதைத்து வைப்பார்கள். வாளியில் விழுந்தவற்றைப் பிள்ளைகள் தூக்கிப்போய்க் குளத்தில் விடுவார்கள். "கையை நனைச்சுட்டுத் தொடுங்க. காஞ்ச கை பட்டா அதுங்க தோலு எரியும்." இதுதான் முதல் பாடம். முதல் நாள் முகம் சுளிக்கிற பிள்ளை அடுத்த வாரமே தேரைக்குப் பேர் வைத்துவிடும்.

முட்டையிட்டவை காட்டுக்குத் திரும்பவும் வேண்டுமே. அதற்குக் குளத்துப் பக்கம் இன்னொரு வேலி. அதைக் கட்டுவது கெசீனாவின் கணவன் தீஸ். போன இலையுதிர் காலத்தில் அவன் போய்ச் சேர்ந்தான். அவள் அழவில்லை. ஊரார் பட்டாணி சூப்பும் கேக்கும் கொண்டுவந்தார்கள், வாங்கி வைத்தாள். வகுப்புக்குப் போனாள், வந்தாள். தீஸின் கொட்டகையை மட்டும் திறக்கவில்லை. காட்டுப் பக்க வேலி பள்ளிக்கூடத்தில் இருந்தது, கட்டியாயிற்று. குளத்துப் பக்க வேலி கொட்டகைக்குள் கிடந்தது. மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. நினைப்பு வரும், வந்த மாதிரியே போய்விடும்.

ஏப்ரலில் ஒரு மழைக் காலையில் பிள்ளைகள் சாலையில் நின்றுவிட்டார்கள். தார் முழுக்க நசுங்கிய தேரைகள். ஃபென்யா என்ற சிறுமி குந்தி உட்கார்ந்து பார்த்தாள்.

"இதுங்க போறதுங்க இல்ல டீச்சர், திரும்பி வர்றதுங்க. வயித்துல முட்டையே இல்ல."

"ஆமா."

"எங்க அண்ணன் படிச்சப்போ ரெண்டு வேலி இருந்துச்சாமே. இன்னொண்ணு எங்க?"

"எங்க வீட்டுக் கொட்டகையில."

"அப்ப ஏன் கட்டல?"

"தீஸ்தான் கட்டுவார்."

மற்ற பிள்ளைகள் தங்கள் ரப்பர் பூட்ஸைப் பார்த்தார்கள். ஃபென்யா பார்க்கவில்லை.

"அவர்தான் செத்துட்டாரே. மிச்சத் தேரைங்க இன்னும் சாகலயே."

ஊரில் யாரும் அந்த வார்த்தையைக் கெசீனாவின் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. வலிக்கும் என்று காத்திருந்தாள். வலிக்கவில்லை. வகுப்பை வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கொட்டகையைத் திறந்துவிட்டாள்.

சுருட்டிய வேலி, முளைகள், தீஸின் மரச்சுத்தி. "யப்பா, என்ன கனம். இதையா அவரு ஒத்தக் கையில தூக்குவாரு?" என்றான் மால்டே. யாரும் அவனை அதட்டவில்லை. எல்லாவற்றையும் வாசலில் நின்ற கெசீனாவைத் தாண்டித் தூக்கிப்போனார்கள்.

சாலையின் குளத்துப் பக்கம் கோணல்மாணலாக வேலி எழுந்தது. தீஸ் பார்த்திருந்தால் சிரித்திருப்பான். மழையில் ஒரு ஒல்லித் தேரை அதன் மேல் வந்து முட்டியது. எடுக்கக் கெசீனா கை நீட்டினாள்.

"டீச்சர், கை நனைக்கல," என்றாள் ஃபென்யா.

கெசீனா சாலையோர ஓடைத் தண்ணீரில் இரண்டு கையையும் விட்டாள். மணிக்கட்டு வரை சுரீரென்று குளிர்ந்தது. தீஸ் போனதிலிருந்து எதுவும் அவளுக்கு இப்படி உறைத்ததில்லை. கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே குனிந்திருந்தாள்.

"போதும் டீச்சர்," என்றாள் ஃபென்யா. "அது வீட்டுக்குப் போகணும்."