கோல் கோட்டுச் சுண்ணாம்பு

சிங்காநல்லூர்ப் பக்கத்து மில் ஒன்றின் கால்பந்து அணிக்குக் கோவையில் பஞ்சுத்தலையர் என்று பெயர். ஷிப்ட் முடிந்த கையோடு ஆட வருவார்கள்; தலையிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். எதிரணிக்காரர்கள் கேலிக்கு வைத்த பெயர்தான். இவர்கள் என்ன லேசுப்பட்டவர்களா? அதையே கொடியில் எழுதிக்கொண்டார்கள். நன்றாக ஆடுகிறவனுக்கு மில்லில் நிரந்தர வேலை கிடைக்கும். சோமனூரில் தறி ஓட்டிக்கொண்டிருந்த கௌதமன் அப்படித்தான் வந்து கோல்கீப்பர் ஆனான்.

மைதானம் நஞ்சுண்டன் பொறுப்பு. கிணத்துக்கடவிலிருந்து பஞ்சு மூட்டை தூக்க வந்தவர். இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு புல் வெட்டவும் கோடு போடவும் விட்டார்கள். வாழ்நாளில் ஒரு பந்தைக்கூட உதைத்ததில்லை. ஆனாலும் 'நம்ம டீமு' என்று அவர் சொல்வதைக் கேட்டால் பதினோரு பேரையும் அவரே பெற்று வளர்த்தார் என்று தோன்றும். அணி தோற்ற நாளில் அவருக்குச் சோறு இறங்காது. "ஓடுனது அவுங்க, வயிறு வலிக்கறது உங்களுக்குங்களா?" என்று மனைவி குழந்தையம்மாள் சிரிப்பாள்.

கோடு போடுவதில் மட்டும் மனிதர் படு கறார். சுட்ட கல்சுண்ணாம்பைத் தொட்டித் தண்ணீரில் கொட்டினால் கொதித்துப் பொங்கும். இரண்டு நாள் அப்படியே நீற விட்டு, கரைத்து, வடிகட்டி, அப்புறம்தான் ஊற்றுவார். நீறாத சுண்ணாம்பு என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். கூட வேலை செய்த அப்புசாமிக்கு ஒருமுறை கண்ணில் தெறித்து, அந்தக் கண் வெந்து வெளுத்தே போயிற்று.

தொண்ணூற்று நாலில் லீக்கின் கடைசி ஆட்டம் பொங்கலை ஒட்டி வந்து மாட்டிக்கொண்டது. முந்தின நாள் சாயங்காலம் மில் குடியிருப்புப் பெண்கள் வாளியோடு வந்து நின்றார்கள். "ஏனுங்ணா, நோம்பிக்கு ஊடு வெள்ளையடிக்கோணும். ஒரு வாளி குடுங்ணா." நோம்பி நாளில் வாசலுக்கு வந்தவர்களிடம் இல்லை என்று எந்த வாயால் சொல்வது? நஞ்சுண்டன் கொடுத்தார். கொடுத்துக்கொண்டே இருந்தார். விடிந்து பார்த்தால் தொட்டி காலி. நீற்ற நேரமில்லை. மீதிக் கல்லை அப்படியே இடித்துச் சலித்து, காய்ந்த பொடியாகத் தூவிவிட்டார். 'பனி ஈரத்துல தானா நீறிக்கும்' என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியதிலிருந்தே பொடி தூவிய நஞ்சுண்டனுக்கு விரலிடுக்கெல்லாம் எரிந்தது. முதல் பாதியில் ஒரு பந்துக்குக் கௌதமன் கோட்டின்மேல் பாய்ந்து விழுந்தான். எழுந்து கன்னத்தைத் தேய்த்தபோது நஞ்சுண்டனுக்கு உயிரே போய் வந்தது. கன்னம்தான். கண் இல்லை.

இரண்டாம் பாதியில் நம் அணி ஒரு கோல் முன்னிலை. அப்போது பார்த்துத் தூறல் விழுந்தது. கோல் கோட்டிலிருந்து மெல்ல ஆவி கிளம்பியது. கூட்டத்தில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. நஞ்சுண்டன் மட்டும் பார்த்துவிட்டார். அணி மேனேஜர் கோவிந்தராஜுலுவிடம் ஓடினார்.

"சார், ஆட்டத்த நிறுத்தச் சொல்லுங்க. சுண்ணாம்பு நீறலீங்க. பையன் கண்ணு போயிருமுங்க."

"உனக்கு என்ன கிறுக்கா?" என்று அவர் பல்லைக் கடித்தார். "போன வருச அடிதடிக்கு அப்புறம் லீக்குல என்ன சொன்னாங்க? நம்ம ஆளு எவனாவது நடுவுல உள்ள கால் வெச்சா ஆட்டம் அவுங்களுக்கு. கோப்பை வரலைன்னா டீமையே கலைச்சிடுவேன்னு முதலாளி சொல்லியிருக்காரு. பேசாம நில்லு!"

நஞ்சுண்டன் கோலுக்குப் பின்னால் போய் வலையைப் பிடித்துக்கொண்டார். "கௌதமா! கோட்டு மேல உளுகாத கண்ணு!"

அவன் திரும்பிச் சிரித்தான். "உளுகாம எப்படிங்ணா பந்து புடிக்கறது?"

பாவி மகன், அவன் சொன்னதும் நியாயம்தானே! விழுவதுதான் அவன் வேலை. அதற்குள் எதிரணிக்குக் கார்னர் கிடைத்துவிட்டது. கோல் முன்னால் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அத்தனை கால்களுக்கு நடுவே கோடு வெள்ளைச் சேறாகப் புகைந்தது. உள்ளே போனால் டீம் போச்சு. போகாவிட்டால்? ஐயோ, நினைக்கவே முடியவில்லை.

பந்து மேலே வந்தது. கௌதமன் முழங்கால் மடக்கிப் பாயத் தயாரானான். இடுப்பு வலியாவது ஒன்றாவது, நஞ்சுண்டன் உள்ளே பாய்ந்து அவனை இடுப்போடு கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு சாய்ந்தார். ரெஃப்ரி விசில் ஊதினார். மைதானமே கத்தியது.

சுண்ணாம்பைக் காட்டுகிறேன் என்று ரெஃப்ரியை அழைத்துப் போனார். அதற்குள் மழை சோவென்று பிடித்துக்கொண்டு, புகைந்த இடமெல்லாம் பால் கரைசலாக ஓடியது. ரெஃப்ரி விரலால் தொட்டுப் பார்த்தார். "வெறும் சுண்ணாம்புத் தண்ணிதானேய்யா?" என்றார். ஆட்டம் எதிரணிக்குப் போயிற்று. அடுத்த மாதமே அணியைக் கலைத்தார்கள். ஆட்டக்காரர்களை ஷிப்டுக்கு ஒருவராகப் பிரித்துப் போட்டார்கள்.

மில் வாசலில் கௌதமன் அவரை மடக்கினான். முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்தான். "எங்கண்ணுக்கு என்னய்யா ஆச்சு? நல்லாத்தான இருக்குது? பாரு! நல்லாப் பாரு!"

நஞ்சுண்டன் பார்த்தார். இரண்டு கண்ணும் கொலைவெறியோடு அவரையே முறைத்தன. கறுப்பு கறுப்பாக, வெள்ளை வெள்ளையாக, ஒரு குறையுமில்லை.

"ஆமாங் கண்ணு," என்றார். "நல்லாத்தான் இருக்குது."

கௌதமன் அவர் காலடியில் காறித் துப்பிவிட்டு உள்ளே போனான்.