ஏனோக் தாண்டிப் போன கேபிள்

ஏனோக் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் ஊருக்கே கேட்கும்படி உண்மை பேசினான். அதை ஒருத்தர்கூட நம்பவில்லை. நம்பாதவர்களில் நானும் ஒருவன். அந்தக் குற்றத்துக்காகவே இதை எழுதுகிறேன்.

மாரிகுப்பம் ஸ்டேஷனுக்கு எதிரே என் சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்டுவது போக, கையெழுத்து கொஞ்சம் நன்றாக இருப்பதால் ஊராருக்கு மனுவும் விண்ணப்பப் பாரமும் எழுதித் தருவேன். கடைக்குப் பின்னால், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் ஏனோக் இருந்தான். மனைவி ஜெயமேரி, ஒரே மகள் லூயிசா.

அவன் ஒரு காலத்தில் சுரங்கத்தில் எலக்ட்ரிக் ஹெல்பர். ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வருகிறவர்களை கேட்டில் நிறுத்தி வாய், தலைமுடி, செருப்பு எல்லாம் பார்ப்பார்கள். அவர்கள் தேடியது தங்கத்தை. ஏனோக்குக்குத் தங்கத்தின் மேல் ஆசையே கிடையாது. அவன் செம்புக் கம்பியை இடுப்பில் சுற்றிக்கொண்டு வருவான். காலையில் ஒல்லியாக உள்ளே போகிறவன் சாயங்காலம் தொப்பையோடு வெளியே வருவதை ஆறு வருஷம் எவனும் கவனிக்கவில்லை. ஒரு நாள் காவல்காரர் ஒருவர் விளையாட்டாக அவன் வயிற்றைத் தட்டி, இது எத்தனையாவது மாசம் என்று கேட்டார். கை டங்கென்று இடித்தது. அன்றோடு வேலை போயிற்று.

அதற்கப்புறமும் அவன் திருந்திவிடவில்லை. இரண்டு தடவை போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். செம்பு எங்கே புதைந்திருந்தாலும் ஏனோக் மூக்கு கண்டுபிடித்துவிடும் என்று ஆண்டர்சன்பேட்டை பழைய இரும்புக் கடை முனியப்பன் பெருமையாகச் சொல்வார். அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்.

இரண்டாயிரமாவது வருஷம். சுரங்கத்தை இன்றைக்கு மூடுகிறார்கள், நாளைக்கு மூடுகிறார்கள் என்று பேச்சாகக் கிடந்த நேரம். பங்காருபேட்டையிலிருந்து ரயில் பாதையை ஒட்டியே பள்ளம் தோண்டிக்கொண்டு ஒரு டெலிபோன் கம்பெனி வந்து சேர்ந்தது. பள்ளத்தில் ஆரஞ்சு நிறக் குழாய், குழாய்க்குள் விரல் தடிமனில் கறுப்புக் கேபிள். அரை கிலோமீட்டருக்கு ஒரு குழி வெட்டி, அதில் மிச்சக் கேபிளைச் சுருட்டி வைத்துப் பலகை போட்டு மூடினார்கள். ஏனோக் முதல் வேலையாகப் போய் ஒரு முனையைப் பிரித்துப் பார்த்தான். உள்ளே தலைமுடிபோலக் கண்ணாடி இழைகள். செம்பு ஒரு பொட்டுகூட இல்லை. நம்ப முடியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அப்போது பின்னால் வந்து நின்றார் சூப்பர்வைசர் நாகேஷ். பெங்களூர்க்காரர், ஊருக்குப் புதுசு. கேபிள் மேல் இத்தனை அக்கறையுள்ள ஆளை இந்தப் பக்கத்தில் அவர் பார்த்ததே இல்லையாம். ஊர்காமிலிருந்து மாரிகுப்பம் வரைக்கும் கேபிளுக்குக் காவல் இருக்கிறாயா என்று கேட்டார். ஏனோக் உடனே சரி என்றான்.

அவன் சரி என்றதற்குக் காரணம் லூயிசா. அவள் நர்ஸ் படிப்புக்குப் பாரம் வாங்கி வைத்திருந்தாள். அதில் தகப்பன் தொழில் என்று ஒரு கட்டம். வேலை கொடுத்தவர் முத்திரை போட்ட கடிதமும் கூடவே வைக்க வேண்டும். மற்ற எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு அதை மட்டும் காலியாக விட்டு, பாரத்தை அலமாரியில் மடித்து வைத்திருந்தாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று ஏனோக் என்னிடம் சொன்னான். மூன்று மாதம் கேபிள் எங்கேயும் அறுபடாமல் இருந்தால் கடிதம் தருவதாக நாகேஷ் ஒப்புக்கொண்டார்.

காக்கிச் சட்டை, விசில், கைத்தடியோடு ஏனோக் தண்டவாளத்தை ஒட்டி நடக்க ஆரம்பித்தான். ஊர் அதைப் பார்த்தது. ஊருக்குக் கணக்கு ஒன்றுதான்: ஏனோக் காவல் இருக்கிறான் என்றால் உள்ளே இருப்பது சாதாரணச் செம்பு அல்ல. ஒன்பதாம் நாளே சாம்பியன் ஸ்டேஷன் பக்கத்துக் குழியில் கேபிள் அறுந்து கிடந்தது. அறுத்தவனுக்குக் கண்ணாடிதான் கிடைத்திருக்கும். ஆனால் எங்கள் ஊரில் எவன் தான் ஏமாந்ததை வெளியே சொல்வான்? மற்றவனும் ஏமாறட்டும் என்று வாயை மூடிக்கொண்டான்.

அறுந்ததை ஒட்டிக் கொடுத்த நாகேஷ், மன்னிப்பது இந்த ஒரு தடவைதான் என்று கண்டித்துவிட்டுப் போனார். ஏனோக் அரண்டுபோய்விட்டான். மறுநாள் ஒரு முழம் கேபிளை எடுத்துக்கொண்டு முனியப்பன் கடை வாசலில், நல்ல கூட்ட நேரத்தில், எல்லார் முன்னாலும் பிளந்து காட்டினான்.

"நல்லா பாத்துக்கோங்க. வெறும் கண்ணாடி. காப்பர் இல்ல. ஆண்டவர்மேல ஆணையா சொல்றேன், இதுல ஒண்ணும் கெடையாது."

கூட்டம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டது. முனியப்பன் அந்தத் துண்டைத் தராசில் போட்டுப் பார்த்துவிட்டு, நேற்றே செம்பை உருவிவிட்டுக் கண்ணாடியைச் சொருகியிருக்கிறான், கைத்தொழில் தெரிந்தவன் என்று தீர்ப்புச் சொன்னார். சபாஷ் என்று ஒருவர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். அன்று மத்தியானம் ஒரு கட்டிங் பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டு நானும் குழிப் பக்கம் போனேன். பலகையைத் தூக்கும்போது ரயில் வந்துவிட்டது, திரும்பிவிட்டேன்.

 மூன்றாம் நாள் ஏனோக் காக்கிச் சட்டையைக் கழற்றிப் பெட்டியில் வைத்தான். விசில் அடுப்பங்கரை ஆணியில் தொங்கியது. லுங்கியோடு வந்து என் கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, தாயம் விளையாட ஆள் தேடினான். குழிகளின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. கேபிள் துண்டு ஒன்றைத் தன் வீட்டு வாசலில் குறுக்கே போட்டு, போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டிப் போனான். இன்னொரு நீளத் துண்டைக் கொடியாகக் கட்டி ஜெயமேரி பாவாடை காயப்போட்டாள்.

ஒரு வாரத்தில் ஊர் கலங்கிவிட்டது. ஏனோக் வாசலில் ஒரு பொருள் கேட்பாரற்றுக் கிடக்கிறது, அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. முனியப்பன் நேரிலேயே வந்து பார்த்துவிட்டு, முகம் தொங்கிப்போய்த் திரும்பினார். ஏனோக்கே தொடாத பொருளில் என்ன இருந்துவிடப் போகிறது? ஆண்டவர்மேல் இட்ட ஆணைக்கு அசையாத ஊர், ஈரப் பாவாடைக்கு அசைந்தது. ஐந்து வாரம் ஒரு குழியின் பலகையும் நகரவில்லை.

ஆறாவது வாரம் நாகேஷ் சொல்லாமல் வந்து இறங்கினார். தண்டவாளத்தில் ஆளைக் காணோம். ஆள் என் பெஞ்சில் தாயக்கட்டையை உருட்டிக்கொண்டிருந்தான். ஏனோக் வாயைத் திறப்பதற்குள் கம்பெனி அடையாளச் சீட்டைப் பிடுங்கிக்கொண்டு, கடை வாசலிலேயே வேலையை விட்டு நிறுத்திவிட்டார். தண்ணீர்க் குடத்தோடு வந்த லூயிசா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். ஏனோக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கம்பி சுற்றிய வயிற்றோடு மாட்டிக்கொண்ட அன்றுகூட அவன் அப்படித் தலை குனியவில்லை.

மறுநாளே பெங்களூரிலிருந்து புதுக் காவல்காரர் வந்தார். பட்டாளத்தில் இருந்தவர், முறுக்கு மீசை. கூடவே ஒரு நாய். ஊருக்கு உயிர் வந்துவிட்டது. ஏனோக்கை விரட்டிவிட்டு நாயோடு ஆள் போடுகிறார்கள் என்றால்? நாலே நாளில் மூன்று இடத்தில் கேபிள் அறுந்தது. நாய்க்கு எவனோ கறிச்சோறு போட்டுப் பழக்கி வைத்திருந்தான்.

நாகேஷ் என் கடைக்கு வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தார். ஐந்து வாரம் ஒன்றுமே நடக்கவில்லையே, எப்படி என்று என்னைக் கேட்டார். நான் ஏனோக்கைக் கூப்பிட்டு விட்டேன்.

"நீங்க ஆள் போட்டா, பொருள் கீதுன்னு ஊருக்குச் சொல்ற மாதிரி சார்," என்றான் ஏனோக். "நான் சும்மா குந்திக்கினு இருந்தா, அதுல ஒண்ணும் இல்லன்னு அவங்களுக்கே தெரிஞ்சிடும். என் பேரு கெட்டது இதுக்காவது ஒதவட்டும்."

"ஹௌதா? அப்படியா?" என்றார் நாகேஷ்.  அப்புறம் சிரித்தார்.

அங்கேயே ஏற்பாடு ஆயிற்று. மீசைக்காரரும் நாயும் பெங்களூர் போய்ச் சேர வேண்டும். ஏனோக் மறுபடியும் காவல்காரன், ஆனால் அது எங்கள் மூன்று பேருக்கும் அவன் வீட்டுக்கும் மட்டுமே தெரியும். ஊருக்கு அவன் துரத்தப்பட்டவனாகவே இருக்க வேண்டும். நாகேஷ் ஊருக்கு வரும்போதெல்லாம் நாலு பேர் பார்க்க அவனைத் திட்டிவிட்டுப் போக வேண்டும் என்று ஏனோக்கே கேட்டுக்கொண்டான். நாகேஷ் அந்த வேலையை ரசித்துச் செய்தார். கன்னடத்தில் நான் கேட்டே இராத வசவுகளையெல்லாம் அந்த மாதங்களில்தான் கற்றுக்கொண்டேன்.

நாள் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. மூன்று மாதம் ஒரு கீறல் விழவில்லை. பாரம் அனுப்பக் கடைசி வாரத்தில், சைக்கிள் டியூப் பொட்டலத்துக்குள் வைத்து நாகேஷ் என்னிடம் கடிதத்தைக் கொடுத்தார். கேபிள் தடக் காவலர், நம்பிக்கைக்கு உரியவர், கீழே வட்ட முத்திரை.

அன்று மத்தியானம் லூயிசா பாரத்தோடு வந்தாள். அவள் காலியாக விட்டிருந்த கட்டத்தில் என் நல்ல பேனாவால் எழுதினேன். ஏனோக் கடிதத்தை வாங்கி, எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தான். நம்பிக்கைக்கு உரியவர் என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இத யாருக்கும் காட்ட முடியாதே அண்ணா," என்றான்.  அவன் வாழ்க்கையில் ஊருக்கெல்லாம் காட்ட ஆசைப்பட்ட ஒரே காகிதம் அது. காட்டினால் அன்று சாயங்காலமே கேபிள் போய்விடும்.

தபாலில் போட்டுவிட்டு லூயிசா என் கடைக்குப் பக்கத்துக் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். வரிசையில் நின்றிருந்த கிருஷ்ணம்மா, ஊர் வம்பையெல்லாம் சேர்த்து வைக்கிறவள், எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்: "ஏம்மே, உங்கப்பன் இப்போ இன்னா வேலை செய்றான்?"

வேறு நாளாக இருந்தால் அந்தப் பெண் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அன்று தலையை நிமிர்த்திக்கொண்டாள். "எங்கப்பாவா?" என்றாள். "சும்மாதான் குந்திக்கினு கீறாரு, அத்தே."

சொல்லிவிட்டுக் கடைப் பக்கம் திரும்பி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். ஏனோக் தாயக்கட்டையைக் கீழே போட்டுவிட்டு, லுங்கி முனையால் கண்ணைத் துடைத்தான்.