கௌதமன் எழுதாமல் விட்ட ஒரு வரி

மாலை ரயிலில் கௌதமனுக்கு இடம் பிடித்து வைப்பது என் வேலை. கோலார் தங்கவயலில், எங்கள் கே.ஜி.எஃப்.பில், ஸ்கெலட்டன் என்ற குடியிருப்புக்காரர். பெங்களூரில், பால் குளிரவைக்கும் தொட்டிகளைக் கவனிக்கும் பெட்டிக்கு மென்பொருள் எழுதுகிறார். இடம் பிடித்ததற்கு நன்றி சொல்லமாட்டார், மிக்சர் பொட்டலத்தை நீட்டுவார். கொஞ்ச நாளாக மிக்சரும் இல்லை, பேச்சும் இல்லை. ஒருநாள் பங்காருப்பேட்டை தாண்டியதும் தானாகவே கொட்டிவிட்டார்.

கோலார் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பால் நிலையத்தில் இரண்டு தொட்டிகள், ஒரே மாதிரி இரண்டு வெப்பமானிகள். கரண்ட் வந்து பெட்டி விழிக்கும்போது, எந்த வெப்பமானி முதலில் தலைகாட்டுகிறதோ அதற்கு முதல் டிவைஸ் ஃபைல், அதாவது முதல் தொட்டியின் பெயர், அடுத்து வருவதற்கு அடுத்தது. ரயிலில் முதலில் ஏறியவனுக்கு ஜன்னல் சீட் மாதிரி. இன்று முதலில் வந்தது நாளையும் முதலில் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலையில் கொடுத்த எண் உண்டு. அந்த எண்ணைப் பார்த்துப் பெயர் வை என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

இது சுரங்கத்தார் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியாதா என்ன? சுரங்கத்துக்குள் எந்த கேஜில், எந்தக் கூண்டில் இறங்கினாலும் ஆளுக்கு அடையாளம் அவன் வில்லை எண்தான். கௌதமனின் அப்பா தர்மராஜ் சுரங்க ஷாஃப்டில் இறங்கியபோது வைத்திருந்த பித்தளை வில்லை இன்னும் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

சோதனையின்போதே ஒருமுறை பெயர்கள் மாறின. கௌதமன் கடிகாரத்தைப் பார்த்தார். ரயிலை விட்டால் வீடு போய்ச் சேருவது பெரும்பாடு. முதல் வெப்பமானியை எழுப்பி, சற்றுப் பொறுத்து இரண்டாவதை எழுப்பு என்று மட்டும் எழுதிவிட்டுப் பையைத் தூக்கினார். மறுநாள் பெயர்கள் மாறவில்லை, அவரும் மறந்துபோனார். எங்கள் ஊர்க்காரர்கள் வேலையில் பாதியை ரயில்தான் முடித்து வைக்கிறது.

கிராமத்தில் கரண்ட் போய் வந்த ஒரு விடியலில் முதல் வெப்பமானி அந்த இடைவெளியையும் தாண்டித் தாமதமாக விழித்தது. பெயர்கள் இடம் மாறின. ஏற்கெனவே சில்லிட்டிருந்த தொட்டியையே பெட்டி குளிரவைத்துக்கொண்டிருந்தது. புதிதாக ஊற்றிய பாலைக் கண்டுகொள்ளவில்லை. ஊரின் காலைப் பால் முழுவதும் திரிந்தது. தொட்டி கழுவும் மமதா ஒயரை மாற்றிச் செருகிவிட்டாள் என்று அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

பெட்டி எழுந்த விதத்தைப் பார்த்ததுமே கௌதமனுக்குக் காரணம் புரிந்துவிட்டது. அந்த ஒரு வரியை எழுதி அனுப்பினார். பால் நிலையத்தாரிடம் வேறு எதுவும் சொல்லவில்லை.

"அந்தப் பொண்ணு இன்னாங்க பண்ணுது இப்போ?" என்று கேட்டேன்.

"வூட்லதான் இருக்குதாம். எங்க மேனேஜர் வெளிய சொல்ல வேணாம்னாரு. சோறே எறங்க மாட்டேங்குதுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எறங்காதுதான். அந்தப் பொண்ணு சோத்துல மண்ணப் போட்டுட்டு வந்து எங்கிட்ட அழுவுறீங்க. நாயித்துக்கெழம வண்டிய எடுங்க, நானும் வரேன்."

போனோம். பால் நிலையச் செயலாளர் முன்னால், தப்பு தன்னுடையதுதான் என்று கௌதமன் கன்னடத்தில் சொன்னார். செயலாளர் முகம் சிவக்கக் கேட்டுவிட்டு மமதாவைக் கூப்பிட்டனுப்பினார். நாளையிலிருந்து வேலைக்கு வா என்றார்.

அவள் முகத்தில் சந்தோஷம் தெரியவில்லை. நாங்கள் கே.ஜி.எஃப். என்று தெரிந்ததும் தமிழில் பேசினாள்.

"தொட்டி கழுவறப்போ கை தெரியாம மாத்திட்டேன்னு நானே நம்பிட்டேன் சார். ஊர்ப் பால கெடுத்துட்டேனேன்னு சாமிக்குத் தப்புக் காணிக்கை போட்டு அழுதுட்டு வந்தேன்."

கௌதமன் வீட்டார் பௌத்தர்கள். கோயில், காணிக்கை என்று எதுவும் அவருக்குப் பழக்கமில்லை. தலையைக் குனிந்தபடியே கேட்டார்.

"எந்தக் கோயில்மா? அது நான் போட்டிருக்க வேண்டியது. போயி சொல்லிட்டு வரேன்."

"சாமிக்கு அன்னிக்கே தெரியும் சார்," என்றாள் மமதா. "எனக்குத்தான் யாரும் சொல்லல."