இடது காலால் உதைத்தவர்

தினேஷ் அண்ணா, தாத்தா ஓட்டி, அப்பா ஓட்டி, உன்னிடம் வந்த பைக் நீ போனதிலிருந்து ஸ்டார்ட் ஆகவே இல்லை. இரும்புக்கடையில் போடலாம் என்றார் பெரியப்பா. நான் கள்ளிக்குப்பத்து மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன்.

ஐம்பது வயது, குள்ளமான ஆள். எந்த வண்டியின் பிளக்கையும் தன் சட்டையிலேயே துடைப்பார், நெஞ்செல்லாம் கரி. அன்றும் துடைத்து மாட்டி, ஏறி உட்கார்ந்து வலது காலால் கிக்கரை உதைத்தார். வண்டி கிளம்பவில்லை. நான் வலப்பக்கம் நின்று இடது காலால் உதைத்துப் பார்த்தேன்.

“வலது கால்ல இன்னா பாப்பா, அடியா?”

“இல்ல மாமா. தாத்தாவுக்கு வலது முட்டி மடங்காது, இப்டித்தான் ஒதைப்பாரு. அவரப் பாத்து அப்பா, அப்பாவப் பாத்து அண்ணன். எனக்கு அண்ணன் கத்துக்குடுத்துச்சு.”

“ஒருத்தர் முட்டிக்கு மொத்த வூடும் நொண்டிக்கினு இருக்குதா!” என்று சிரித்தார். “அண்ணன் எங்க?”

“போன மாசம் காய்ச்சல்ல போயிடுச்சு மாமா.”

சிரிப்பை நிறுத்தினார். என்னை நகர்த்திவிட்டு, வலப்பக்கம் நின்று, தடுமாறித் தடுமாறி இடது காலால் உதைத்தார். நாலாவது உதையில் வண்டி கிளம்பியது.

பிளக்காலா, காலாலா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் அவர் ஏன் கால் மாற்றினார் என்று தெரியும்.

இதைப் படிக்கிறவர்களே, சாமி கும்பிடும்போது எங்கள் தினேஷ் அண்ணனையும் ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.